வளர்ந்த மதில்

உலகம் டீச்சர் வீட்டுக்கும் பல் டாக்டர் வீட்டுக்கும் நடுவில் இருந்த இடுப்பளவு மதில், கொத்தனார் யாரும் கை வைக்காமலே, ஒன்றரை வருடத்தில் நான்கு மாடி உயரத்துக்கு வளர்ந்தது. ஆரம்பித்து வைத்தவர் டாக்டர்தான். பூனை தாண்டி வருகிறது என்று ஒரு வரிசை செங்கல் வைத்தார். நம் மேல் என்னவோ சந்தேகம் என்று டீச்சரின் கணவர் இரண்டு வரிசை வைத்தார். அடுத்த வரிசையை யாரும் வைக்கவில்லை, தானாக வந்தது. அதன் பிறகு இந்தப் பக்கம் ஒருவர் தொண்டையைக் கனைத்தால் அந்தப் பக்கம் ஒருவருக்கு நெஞ்சு திக்கென்றது, மதில் ஒரு சாண் உயர்ந்தது. பூச்சு வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. துணிதான் காயவில்லை. புறாக்கள் பாதி தூரம் ஏறி, மூச்சு வாங்கி, திரும்பிவிட்டன.

டீச்சருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பல்கலைக்கழகத்தில் முப்பத்தொரு வருடமாக அவர் நடத்திய பாடமும், எழுதிய தடித்த புத்தகமும் இதைப் பற்றித்தான். நாடுகள் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் ஆயுதம் சேர்ப்பதில்லை, பயத்தால் சேர்க்கின்றன. ஒருவன் தற்காப்புக்கு வாங்கும் பீரங்கி அடுத்தவன் கண்ணுக்குப் படையெடுப்பாகத் தெரியும், அவனும் வாங்குவான். யாராவது ஒருவர், தமக்கே ஆபத்தான ஒரு காரியத்தை, எதிராளி பார்க்கும்படி முதலில் செய்தால்தான் இந்தச் சுழல் நிற்கும். மாநாடுகளில் இதைக் கேட்டு மந்திரிகள் தலையாட்டினார்கள், ஊருக்குப் போய்ப் பீரங்கி வாங்கினார்கள். அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். ஆனால் ஒரு நாள் டாக்டர் வீட்டில் ஏணி சாய்க்கும் சத்தம் கேட்டு, 'இப்ப எதுக்கு ஏணி?' என்று அவரே நினைத்துவிட்டார். கண்ணெதிரே மதில் ஒரு சாண் ஏறியது.

வெயில் படாமல் கணவர் வெளிறிக்கொண்டே வந்தார். தெருமுனையில் சலூன் வைத்திருப்பவர். கத்திரியோடு சேர்ந்து வாயும் ஓடும் மனிதர். இப்போது பேச்சே நின்றுவிட்டது. ஒரு மத்தியானம் அவர் கையின் ஊடாகத் தண்ணீர் டம்ளர் தெரிந்தது. இதற்கு மேல் ஆராய்ச்சி வேண்டாம் என்று டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டு டாக்டரின் கிளினிக்குக்குப் போனார்.

"கடைவாய்ப் பல்லு, டாக்டர். ரொம்ப நாளா வலி."

"என்கிட்டயா வந்தீங்க? ஊர்ல வேற டாக்டரே இல்லையா?"

"இருக்காங்க. நான் இங்கதான் வந்தேன்."

வாயை அகலத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் கையில் குறடோடு வெகுநேரம் நின்றார். உள்நோக்கம் ஏதும் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு சொத்தைப் பல்தான் இருந்தது. பூப்போலப் பிடுங்கினார். டீச்சர் வீடு திரும்பியபோது மதிலில் ஒரு மாடி குறைந்திருந்தது. இடிபாடு இல்லை, தூசுகூட இல்லை.

அடுத்த அடியை எதிர்த்தரப்புதான் எடுக்க வேண்டும், அவசரப்படுத்தக் கூடாது என்பது புத்தகத்தின் ஏழாம் அத்தியாயம். வீங்கிய கன்னத்தோடு டீச்சர் பதினோரு நாள் காத்திருந்தார். பன்னிரண்டாம் நாள் டாக்டர் சலூனுக்குள் வந்து உட்கார்ந்து, தலையைப் பின்னால் சாய்த்து, கழுத்தைக் காட்டினார்.

"ஷேவ் பண்ணி விடுங்கண்ணே."

கணவர் கத்தியைத் தீட்டினார். தீட்டத் தீட்டக் கைக்கு நிறம் ஏறியது. பாதிக் கன்னம் முடிந்ததும் ஒன்றரை வருடத்தில் முதல் தடவையாக டாக்டரிடம் வாயைத் திறந்தார்.

"உங்க பூனை எப்படி இருக்கு டாக்டர்?"

"என் பூனையா? அது உங்க பூனைன்னுல்ல நெனச்சேன்!"

இருவரும் சிரித்த சிரிப்பில் சோப்பு நுரை கண்ணாடியெல்லாம் தெறித்தது. அன்றைக்கு ஷேவிங் முடிய மூன்று மணி நேரம் ஆயிற்று; சேர்த்து வைத்த பேச்சு அவ்வளவு.

அந்த வாரத்திலேயே மதில் இடுப்பளவுக்கு வந்தது, பிறகு முழங்கால், பிறகு தரை. அங்கேயும் நிற்காமல் பூமிக்குள் இறங்கியது. இறங்கிய இடத்தில் நீர் ஊறியது, வாத்துகள் வந்தன. மாநகராட்சியிலிருந்து அளக்க வந்தவர் 'மதில், ஆழம் ஐந்தடி' என்று எழுதிக்கொண்டு, காலை நனைத்துவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு வீட்டாரும் மதிலில் நீச்சலடிக்கிறார்கள்.