தொப்பையண்ணன் பறக்கும் பாடம்

வளர்ந்த ஆளுக்குப் பாடம் நடத்துவது, மீசை வைத்தவனை மடியில் உட்காரவைத்துச் சோறு ஊட்டுகிற மாதிரியான வேலை. வாயைத் திறக்கமாட்டான். திறந்தால் விரலைக் கடிப்பான். பாடக்காரிக்கு இது அத்துப்படி. ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் அறை, ஒரு கணினி, ஒரு மைக் என்று வைத்துக்கொண்டு, கம்பெனி ஆட்களுக்கு அலைபேசியில் பார்க்கிற இணையப் பாடங்களைத் தயாரித்து விற்பதுதான் அவள் பிழைப்பு.

குளிர்கிடங்கு வேலை அவளுக்கு அக்கா புருஷன் மூலமாக வந்தது. மாமா அங்கே இயந்திர அறை மேஸ்திரி. அதற்கு முன் அங்கே ஓடிய பாதுகாப்புப் பாடத்தில், டை கட்டிய ஒருவர் தூக்கத்தில் உளறுகிற மாதிரி பேசிக்கொண்டே இருப்பார். ஆட்கள் அவரைப் பேசவிட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். திரும்பி வந்து ‘அடுத்து’ என்ற பொத்தானை அமுக்கினால் சான்றிதழ்.

“ஒருத்தன்கூட பாதியில ஓடக் கூடாதும்மா,” என்று முதலாளி சொல்லியிருந்தார். “கடைக்கு வந்தவன் வெறுங்கையோட போகக் கூடாது. அந்த மாதிரி பண்ணிக் குடு.”

பண்ணிக் கொடுத்தாள். பெரியவர்களுக்கு உபதேசம் ஆகாது. தானே செய்து பார்த்தால்தான் மண்டையில் ஏறும். தப்பு செய்தால் என்ன ஆகும் என்பதைக் கண்ணால் காட்ட வேண்டும். அவள் தொழிலில் இதெல்லாம் அரிச்சுவடி. பாடம் சின்னதுதான். குளிர் உண்டாக்கும் அமோனியாக் கலத்தின் அடியில் எண்ணெய் சேரும். அதை அடிக்கடி வடிக்க வேண்டும். மேலே ஒரு வால்வு, கீழே ஒரு வால்வு. முதலில் மேல் வால்வை மூடி அமோனியாவைத் தடுத்துவிட்டு, பிறகுதான் கீழ் வால்வைத் திறக்க வேண்டும். மாற்றிச் செய்தால் எண்ணெயோடு அமோனியாவும் சீறிக்கொண்டு வரும். கண்ணையும் நெஞ்சையும் எரித்துவிடும்.

திரையில் இதைச் செய்ய ஒரு கார்ட்டூன் ஆளை வரைந்தாள். வயிறு முன்னால் போகும், ஆள் பின்னால் வருவான். ஆட்கள் அவனுக்குத் தொப்பையண்ணன் என்று பெயர் வைத்தார்கள். சரியான வால்வைத் தொட்டால் ஒரு பச்சை டிக் வரும், அவ்வளவுதான். கீழ் வால்வை முதலில் தொட்டால் புஸ்ஸென்று புகை வந்து தொப்பையண்ணனைத் தூக்கி அடிக்கும். ஒரு தடவை கூரையைப் பிய்த்துக்கொண்டு போவான். இன்னொரு தடவை மீசை மட்டும் தனியாகப் பறக்கும். வேறொரு தடவை கால்சட்டை கழன்று முதலாளியின் கார்மேல் விழும். அந்தக் கார் முதலாளிக்கே பிடித்துப்போயிற்று. “என் வண்டி நம்பரையே போட்டிருக்கியே, கில்லாடி,” என்று தொலைபேசியில் சிரித்தார்.

பாடம் சூடான சரக்காக ஓடியது. கடைசியில் வரும் கேள்விகளில் எல்லோரும் நூற்றுக்கு நூறு. முடித்தவர்களும் திரும்பத் திரும்ப வந்து பார்த்தார்கள். பாடம் விற்கிறவளுக்கு அதைவிட என்ன வேண்டும்? இந்தக் கணக்கை அடுத்த வாடிக்கையாளரிடம் காட்டிப் பேரம் பேசலாம் என்று ஒரு காலையில் உட்கார்ந்து புள்ளிவிவரத்தைப் பிரித்தாள்.

யார் முதலில் எதைத் தொட்டார்கள் என்று ஒரு பத்தி இருந்தது. அதுவரை அவள் அதைத் திறந்ததே இல்லை. கடைசி மதிப்பெண்தானே காசாகும்.

பத்தி முழுக்க ஒரே சொல். கீழ். கீழ். கீழ்.

முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. தொப்பையண்ணன் பறப்பதைப் பார்க்க வருகிறார்கள், பாவம், கேளிக்கைக்குப் பஞ்சம். ஆனால் பட்டியலில் இறங்க இறங்க, தொடுவதற்கு எடுத்துக்கொண்ட நேரம் குறைந்துகொண்டே வந்ததைக் கவனித்தாள். ஆரம்பத்தில் யோசித்துத் தொட்டவர்கள் இப்போது திரை திறந்ததுமே தொடுகிறார்கள். பழகிய கை பூட்டைத் திறக்கிற வேகம். செய்து பார்த்துத்தான் கற்கிறார்கள். நன்றாகவே கற்றிருக்கிறார்கள்.

பையை எடுத்துக்கொண்டு கிடங்குக்கு ஓடினாள்.

சாப்பாட்டு வேளை. முற்றத்தின் ஓரத்தில் நீள பெஞ்சில் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து அலைபேசியைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். யார் முதலில் தொப்பையண்ணனைப் பறக்க விடுகிறார்கள் என்று போட்டி. ‘புஸ்’ என்ற சத்தம் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்டது.

“வாங்க வாத்தியாரம்மா,” என்றான் ஒருவன். “தொப்பையண்ணனுக்குப் பொண்டாட்டி எப்ப வருவாங்க? தனியா பறந்து பறந்து ஆளு இளைச்சிட்டாரு.”

அவள் மாமாவைத் தனியே கூப்பிட்டாள். பார்த்ததைச் சொன்னாள். மாமா பல்லைக் குத்திக்கொண்டே கேட்டார்.

“ஏம்மா மச்சினி, இதுக்கா வேர்த்து விறுவிறுத்து வந்தே? இவனுங்க விளையாட்டுக்கு ஆயிரம் தட்டுவானுங்க. உள்ள போனா வேற. வால்வு மேல பெயின்ட்ல ஒண்ணு, ரெண்டுன்னு எழுதியே இருக்கு.”

“கை படிக்குமா மாமா?”

“என் கை படிக்கும். உங்கக்காவைக் கட்டினதுக்கு முன்னாடியிலேர்ந்து இந்த வால்வைக் கட்டிக்கிட்டு மாரடிக்கிறேன்.”

“நீங்களும் பாடத்தைப் பாத்தீங்களா?”

“பாக்காம? நீ பண்ணினதாச்சே. வீட்டுல பிள்ளைங்களுக்குக்கூட காட்டினேன். அந்தக் கால்சட்டை விழறதை மட்டும் தினம் கேக்குதுங்க.”

அவள் இரண்டு தண்ணீர் பாட்டில் மூடிகளை எடுத்து, பெஞ்சின் காலியான ஓரத்தில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக வைத்தாள். “இது ரெண்டும் வால்வுன்னு வெச்சுக்குங்க,” என்று சொல்லிவிட்டு வேறு பேச்சு எடுத்தாள். அக்காவின் முதுகுவலி, வீட்டு மாடியில் ஒழுகும் தொட்டி. மாமா தொட்டியைப் பற்றி அலுத்துக்கொண்டிருந்த நடுவில், “மாமா, எண்ணெய் வடிங்க, சீக்கிரம்,” என்றாள்.

மாமாவின் கை பாய்ந்தது. கீழ் மூடியைப் பிடித்துத் திருகிக்கொண்டு நின்றது.

அவர் அந்தக் கையையே பார்த்தார். வேறு யாருடைய கையோ தன் தோளில் மாட்டியிருப்பதைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். பல்குச்சி வாயிலிருந்து விழுந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

“இன்னொரு தடவை சொல்லு,” என்றார்.

“வேண்டாம் மாமா.”

“மெஷின் ரூம்ல ரெண்டு பேரு முகமூடி மாட்டிக்கிட்டிருக்கானுங்க,” என்றார் மாமா. குரல் இறங்கிப்போயிருந்தது. “இப்ப வடிக்கப் போறானுங்க. காலையிலேர்ந்து கம்ப்ரஸர் தட்டுது, முதலாளி சீக்கிரம் சீக்கிரம்னு உயிரை எடுக்கிறாரு.”

இயந்திர அறை முற்றத்தின் மறுகோடியில் இருந்தது. முதலாளியின் அறை தலைக்கு நேர் மேலே, ஏழெட்டுப் படி. அங்கே ஒலிபெருக்கி இருந்தது. அதில் பேசினால் கிடங்கு முழுக்கக் கேட்கும். மாமா யோசிக்காமல் படியேறினார். அவள் பின்னால் ஓடினாள்.

முதலாளி கண்ணாடிச் சன்னலுக்கு முன்னால் உட்கார்ந்து, லாரியில் ஏறும் பெட்டிகளை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். மாமா மூச்சு வாங்க, “எண்ணெய் வடிக்கிறதை நிறுத்தச் சொல்லுங்க, பாடம் தப்பு,” என்றார்.

“எந்தப் பாடம்? நம்ம தொப்பையண்ணனா?” முதலாளி அவளைப் பார்த்துச் சிரித்தார். “விக்கும்போது தங்கம்னே, இப்ப வந்து பித்தளைங்கிறியே. எல்லாப் பயலும் நூத்துக்கு நூறு வாங்கியிருக்கான்.”

“கேள்விக்கு நூறுதான் சார். கை வேற கத்துக்கிட்டிருக்கு.”

“புரியற மாதிரி சொல்லு.”

“அவங்க கை தானா தப்பு வால்வுக்குப் போகும். மாமா கையே போச்சு. கேளுங்க.”

முதலாளி மாமாவைப் பார்த்தார். மாமா தலையாட்டினார். அத்தனை வருஷமாக அந்த ஆள் தலையாட்டி ஒரு கெட்ட செய்தியும் வந்ததில்லை போலும். முதலாளியின் முகத்தில் சிரிப்பு இருந்த இடம் காலியாயிற்று. ஆனாலும் வியாபாரி. எண்ணெய் வடிக்காவிட்டால் இயந்திரம் நின்றுவிடும், நின்றால் உள்ளே இருக்கும் சரக்கு என்ன ஆகும் என்று அவர் கண் ஒரு கணம் லாரிப் பக்கம் போய் வந்தது.

“நிறுத்த வேண்டாம்,” என்றார். “சரியான முறையை ஒரு தடவை உரக்கச் சொல்லிட்டாப் போச்சு. உன் குரல்தானே அவனுங்களுக்குப் பழக்கம். நீயே சொல்லு.”

பொத்தானை அமுக்கி மைக்கை அவள் வாயருகே நீட்டினார்.

அவளுக்குத் தெரியாததா? அந்தப் பாடத்தை எழுதியவள், பேசியவள், சரிபார்த்தவள் அவள்தான். ஒவ்வொரு பறத்தலும் சரியாக ஓடுகிறதா என்று சோதிக்க, மற்ற எல்லோரையும்விட அதிகமாகக் கீழ் வால்வைத் தொட்டவளும் அவள்தான்.

“மெஷின் ரூம்ல இருக்கிறவங்க கேளுங்க,” என்றாள். முற்றத்தில் அவள் குரல் பெரிதாக எதிரொலித்தது. பாடத்தில் பேசுகிற அதே உற்சாகக் குரல் தன் தொண்டையிலிருந்து தானாக வருவதை அவளே கேட்டாள். “எண்ணெய் வடிக்கும்போது முதல்ல கீழ் வால்வைத் திறந்து...”

நாக்கு நின்றது. சன்னலுக்கு வெளியே அவள் சொன்ன சொல் சுவருக்குச் சுவர் போய்க்கொண்டிருந்தது. மாமா அங்கே இல்லை. படிகளில் அவர் செருப்புச் சத்தம் தடதடத்து இறங்கியது.

“மேல! மேல் வால்வு, முதல்ல மேல் வால்வை மூடுங்க, மேல,” என்று அவள் கத்தினாள். வெளியே எதிரொலி வரவில்லை. முதலாளி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய விரல் பொத்தானை விட்டு விலகியிருந்தது.

அவள் மைக்கைப் பிடுங்கிப் பொத்தானைத் தேடினாள். தேடும்போதே கண்ணாடி வழியாக முற்றத்தைப் பார்த்துவிட்டாள்.

பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த ஆட்களில் ஒருவன், இயந்திர அறைப் பக்கம் இருந்தவன், பெட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சட்டையை மூக்குவரை இழுத்தான். அடுத்தவன் இருமினான். அதற்கடுத்தவன் கண்ணைக் கசக்கியபடியே ஓட ஆரம்பித்தான். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்தார்கள். முற்றம் மொத்தமும் வாசல் கதவை நோக்கி ஓடியது.

மாமா மட்டும் கூட்டத்தைத் தோளால் விலக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்.