பின்னறையில் ஐந்து கோடுகள்

...தானாக இப்படி ஆகியிருக்காது, யாரோ கை வைத்திருக்கிறார்கள், யாரோ என்ன யாரோ, மகள் லோஷினி கெடாவுக்குப் படிக்கப் போனபிறகு இந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர், அதில் ஒருத்தி நான் என்றால் மிச்சம் யார், என்று நினைத்துக்கொண்டே பிரேமலா லேப்டாப் திரையின் வலது மூலையில் இருந்த அந்தச் சின்னப் படத்தை மறுபடியும் சொடுக்கினாள். சின்னதிலிருந்து பெரியதாக ஐந்து கோடுகள், ஐந்தும் வெளிறிக் கிடந்தன, மேலே சிவப்பாக ஒரு பெருக்கல் குறி. மணி ஒன்பது ஐம்பது. பதினோரு மணிக்கு ஷா ஆலாமிலிருந்து அழைப்பார்கள், பாசிர் கூடாங்கில் இருக்கும் அவர்களுடைய கிடங்குக்கு ஸ்டோர் கிளார்க் வேண்டுமாம், முதல் நேர்முகம் திரையிலேயே, அதோடு ஓர் அட்டவணையைக் கொடுத்து அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிரப்பச் சொல்வார்கள், கைப்பேசி கூடாது, கட்டாயம் கணினி வேண்டும் என்று மின்னஞ்சலில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. நாற்பத்தெட்டு வயதில் தன்னையும் ஒரு கம்பெனி கூப்பிடுகிறது என்பதையே அவள் நாலு நாள் கழித்துத்தான் நம்பினாள். அட்டவணை நிரப்புவது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை, லோஷினி பிறப்பதற்கு முன்னால் பாலோவில் பலகைத் தொழிற்சாலை ஸ்டோரில் ஆறு வருடம் இதைத்தானே செய்தாள், ஆனால் அந்த அட்டவணை இந்தப் பெட்டிக்குள் வந்து சேர வேண்டுமே.

ரௌட்டரை அணைத்துப் போட்டாயிற்று. லேப்டாப்பை அணைத்துப் போட்டாயிற்று, அது மறுபடி உயிர் பிடிக்க ஆறு நிமிடம், லோஷினி ஐந்தாம் படிவத்தில் இருந்தபோது வாங்கியது, உள்ளே காற்றாடி சுற்றும் சத்தம் பழைய மாவரைக்கும் இயந்திரம் மாதிரி கேட்கும், போகும்போது 'இது எனக்கு வேணாம்மா, வெயிட்டு' என்று விட்டுவிட்டுப் போனாள். கைப்பேசியை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய், சாப்பாட்டு மேசைக்கு மேலே சுவர்த் தட்டில் மைலோ டின்னுக்கும் தீபாவளி முறுக்கு டின்னுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் ரௌட்டரின் கீழே நின்று பார்த்தாள், கைப்பேசியில் எல்லாம் வருகிறது. அப்படியானால் இணையம் இருக்கிறது, லேப்டாப்புக்கு மட்டும் இல்லை. ஒன்றுக்குக் கொடுத்து ஒன்றுக்குக் கொடுக்காமல் இருப்பது எப்படித் தானாக நடக்கும்? ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் கமலநாதன் இங்கேதான் குந்தியிருந்தார். டிவிக்குக் கீழே ஆறு வருடமாக இருந்த ரௌட்டரைக் கழற்றி, எங்கிருந்தோ நீளமான வயர் வாங்கிவந்து, சுவரோரமாகச் சின்னச் சின்ன வெள்ளைக் கிளிப் அடித்து, தட்டின் மேல் ஏற்றிவைத்து, கையில் கைப்பேசியை வைத்துக்கொண்டு எதையோ தட்டிக்கொண்டே இருந்தார். தட்டியது எதை? பாஸ்வேர்டை மாற்றியிருப்பார். அல்லது லேப்டாப்பை மட்டும் அடைத்துவிட இப்போது ஏதோ வழி இருக்கிறதாமே, பக்கத்து வீட்டு ஐலீன் ஒருமுறை தன் மகனுக்குச் செய்திருக்கிறேன் என்று சொன்னாளே. இந்த நேர்முகம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. எப்படித் தெரிந்தது? மின்னஞ்சல் அவள் கைப்பேசியில்தான் இருக்கிறது, கைப்பேசி தலையணைக்குக் கீழே, அவர் விடியற்காலை நாலரைக்கு மோட்டார் சைக்கிள் எடுத்துக்கொண்டு பாலம் தாண்டி சிங்கப்பூர் கப்பல் பட்டறைக்குப் போகிற மனிதர், அந்த இருட்டில் அவள் தலையணையைத் தூக்கிப் பார்த்தாரா...

ஏன், பார்க்க மாட்டாரா? அந்தப் பழுப்பு உறையை அவள் மறக்கவில்லை. லோஷினிக்கு அப்போது ஆறு வயது, தமிழ்ப்பள்ளி அலுவலகத்தில் எழுத்தர் வேலை, விண்ணப்பத்தை எழுதி, சான்றிதழ் நகல்கள் எல்லாம் வைத்து, போகிற வழியில் கொடுத்துவிடுங்கள் என்று அவர் கையில் தந்தாள், அவரும் தலையாட்டினார். மூன்று வாரம் கழித்து மோட்டாருக்கு மழைச்சட்டை தேடும்போது சீட்டுக்கு அடியில் கிடந்தது, நனைந்து ஊறி, திறந்தால் அவளுடைய எஸ்பிஎம் பள்ளிச் சான்றிதழ் நகல் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. 'மறந்துட்டேன்லா, வேணும்னேவா பண்ணுவேன்?' என்றார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் அன்று இரவு அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தாள், அதை ஏன் வைத்தாள் என்று இன்றுவரை அவளுக்கே விளங்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒன்று நிச்சயமாயிற்று, நான் வெளியே போகாததற்குக் காரணம் இருக்கிறது, அந்தக் காரணத்துக்குப் பெயர் இருக்கிறது. பக்கத்துத் தெருவில் தையல் கடைக்கு ஆள் கேட்டபோதும், பேரங்காடியில் கல்லாவுக்குக் கேட்டபோதும், 'அவரு விடமாட்டாரு' என்றாள், யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. அவரிடம் கேட்டாளா? கேட்கத் தேவையில்லை, அதுதான் தெரியுமே.

பத்து மணி ஐந்துக்கு இணையக் கம்பெனிக்குப் போன் போட்டாள். மலாயில் ஒன்றை அழுத்து இரண்டை அழுத்து என்று அலையவிட்டு, பாட்டுக் கேட்கவைத்து, கடைசியில் ஓர் ஆண் குரல், பெயரைக் கேட்டதும் "தமிழா அக்கா? தமிழ்லயே பேசலாம், எனக்கும் காலையிலேருந்து மலாய் பேசி நாக்கு காஞ்சி போச்சு" என்று சிரித்தது. அந்தச் சிரிப்பே அவளுக்குப் பாதி பாரத்தை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. போனில் வருகிறது, லேப்டாப்பில் வரவில்லை என்றாள். "சரி அக்கா, அந்தக் கோட்டுப் படத்தை அமுக்குனா கீழ லிஸ்ட் வருதா? ஒங்க வீட்டுப் பேரு, பக்கத்து வீட்டுப் பேரு, அந்த மாதிரி?" இல்லை, காலியாக இருந்தது. "ஒண்ணுமே இல்லையா? பக்கத்து வீட்டுதுகூட இல்லையா?" இல்லை. "அப்ப பாஸ்வேர்டு பிரச்சினை இல்லக்கா. பாஸ்வேர்டு தப்புன்னா பேராச்சும் தெரியும், இது வயர்லெஸ்ஸே வேலை செய்யல." அவர் ஏதாவது மாத்தியிருப்பாரோ, வீட்டுக்காரர், ஞாயிற்றுக்கிழமை ரௌட்டரைக் கழற்றினார், என்று அவள் இழுத்தாள். "பாவம் அண்ணன், அவரை வுட்ருங்கக்கா" என்றான் அவன். "ரௌட்டரை என்ன பண்ணாலும் பக்கத்து வீட்டு லைனைக்கூட மறைக்க முடியுமா? லேப்டாப்ல எங்கயாவது குட்டி லைட்டு இருக்கும், டவர் மாதிரி படம் போட்டு, எரியுதா பாருங்க." விசைகளைப் பார்த்தாள், பக்கவாட்டில் பார்த்தாள், அப்படி விளக்கு எதுவும் எரியவில்லை. எத்தனை வருசப் பெட்டி என்று கேட்டான், சொன்னாள். "அலமாக்... ஐயையோ, அப்ப உள்ள கார்டு போயிருக்கும்க்கா. கடையில காட்டுங்க. இல்லன்னா ரௌட்டர்லேருந்து நேரா கேபிள் போட்டுப் பாருங்க."

கேபிளுக்குப் பின்வாசலில் நின்று ஐலீனைக் கூப்பிட்டாள். ஐலீனுக்கு மட்டும்தான் இந்த நேர்முகம் தெரியும், போன வாரம் துணி காயப்போடும்போது வாய் தவறிச் சொன்னது. வீட்டிலிருந்தே வேலை செய்கிறவள், காதில் மாட்டிய ஹெட்போனை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு வேலியருகே வந்தாள். "கேபிளா? போன மாசம் வீடு கழுவுறப்ப எல்லாத்தையும் பழசு வாங்குற பேப்பர் லாமாகாரன்கிட்ட தூக்கிப் போட்டுட்டேனே அக்கா! என் லேப்டாப் தரலாம்னா ஆபீஸ் லேப்டாப், நான் கக்கூஸ் போனாக்கூட ஆபீஸ்காரனுக்குத் தெரியும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அண்ணனுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்களேன், இதெல்லாம் அவருக்கு அத்துப்படிதானே?" என்றாள். அவருக்கு எதற்கு, அவர் வேலையில் இருப்பார், என்றாள் பிரேமலா. "இன்னும் சொல்லலையா நீங்க? சொன்னா கடிச்சா தின்னுடுவாரு? எங்க வீட்டுக்காரரு திமோத்தி பேசுற பேச்சுக்கு நம்ம அண்ணன் புத்தரு அக்கா" என்று சொல்லிக்கொண்டே, உள்ளே யாரோ அழைத்ததற்கு ஆங்கிலத்தில் பதில் சொல்லியபடி ஓடினாள்.

பத்து இருபத்தெட்டு. கார்டு போய்விட்டது. பின்னறை நாற்காலியில் உட்கார்ந்து அந்த வார்த்தையை ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள், கார்டு போய்விட்டது, நான் என்ன செய்ய முடியும். காலையிலேயே எடுத்து உடுத்தியிருந்த நீலப் புடவையின் தோள் ஊசியைத் தளர்த்தினாள். கைப்பேசியை எடுத்து அந்த ஷா ஆலாம் எண்ணுக்கு மலாயில் தட்ட ஆரம்பித்தாள், மன்னிக்கவும், என்னுடைய இணையம் பழுதாகிவிட்டது, இன்று கலந்துகொள்ள இயலவில்லை... விரல்கள் தடுமாறவே இல்லை, பல வருடமாகத் தயார்செய்து வைத்திருந்த மாதிரி வரிசையாக வந்தன வார்த்தைகள், அதுதான் அவளுக்கு முதலில் விநோதமாகப் பட்டது. இரண்டாவது, பசித்தது. காலையில் ஒரு வாய் இறங்காத வயிறு இப்போது நெத்திலிச் சம்பலோடு நேற்றைய சோற்றை நினைத்தது. இது என்ன, துக்கம் வரவேண்டிய இடத்தில் பசி வருகிறதே? மத்தியானம் அவருடைய சட்டைகளை இஸ்திரி போடலாம், சாயங்காலம் அவர் வந்ததும் ஒன்றும் சொல்லாமல் தட்டை வைக்கலாம், அந்த ஒன்றும் சொல்லாததில் எல்லாம் இருக்கும்... ரௌட்டரை அவர் தொட்டது காரணம் இல்லை என்று அந்தப் பையன் சொல்லிவிட்டான். சொன்னால் என்ன, அவனுக்கு என்ன தெரியும், அவன் உறையைப் பார்த்தானா?

அனுப்பும் முன் லேப்டாப்பை மூடிவைத்துவிடலாம் என்று தோன்றியது, திறந்து கிடந்தால் அது பார்க்கிற மாதிரி இருந்தது. மூடி, அலமாரிக்கு எடுத்துப் போக மார்போடு அணைத்தபோது புடவையில் ஏதோ உதிர்ந்தது, மஞ்சளும் சிவப்புமாகப் பொடி. திருப்பிப் பார்த்தாள். முன் விளிம்பில், மூடியும் அடிப்பெட்டியும் சேரும் இடத்துக்குக் கீழே, காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். ஆயுத பூசைக்கு வைத்தது. மோட்டார் சாவி, அவருடைய பாதுகாப்புத் தொப்பி, தையல் மெஷின், இஸ்திரிப்பெட்டி, எல்லாவற்றோடும் இதையும் சாமி மேடைக்கு முன்னால் வைத்தாள், ஒருவேளை வேலை கிடைத்தால் என்று அவளுக்கு மட்டும் தெரிந்த ஒரு வேண்டுதலோடு வைத்தாள். லோஷினி முன்பு ஒருமுறை 'மூடிமேல வைக்காதீங்கம்மா, கறை போகமாட்டேங்குது' என்று கத்தியதால் மூடியில் வைக்காமல், கண்ணில் படாத முன் விளிம்பாகப் பார்த்து, மோதிர விரலால் அழுத்தி இழுத்து வைத்தாள். அப்புறம் துணி சுற்றி அலமாரியில் வைத்ததுதான், இன்று காலை வரை திறக்கவில்லை. அழுக்கைக் கண்டால் நகம் தானாகப் போகிற பழக்கம், போயிற்று. சுரண்டினாள், சந்தனம் செதிலாகப் பெயர்ந்தது, நகத்துக்கு அடியில் ஏதோ நகர்ந்தது. டிக். அரிசி மணி அளவுக்கு ஒரு சுவிட்ச், பக்கத்தில் டவர் மாதிரி ஒரு படம், அதற்குப் பக்கத்தில், சந்தனத் தூளுக்குள்ளிருந்து, நீலமாக ஒரு விளக்கு எரிந்தது.

அந்த டிக் புதிதில்லை. விரலுக்கு அது ஞாபகம் இருந்தது, பூசையன்று சந்தனத்தோடு இழுத்தபோது அதே சின்ன அசைவு, என்ன அது என்று ஒரு கணம் நினைத்து, கற்பூரம் அணைகிறதே என்று விட்டுவிட்டாள். காலையிலிருந்து ஒருமுறைகூடவா அது நினைவுக்கு வரவில்லை? வரவில்லைதான். வந்திருந்தால்... வந்திருந்தால் என்ன செய்திருப்பாள் என்று அவள் மேலே போகவில்லை. மேசைமேல் வைத்துத் திறந்தாள், காற்றாடி உறுமியது, திரை தன் வழக்கப்படி மெதுவாக வந்தது. பத்து நாற்பத்தொன்பது. சிவப்புப் பெருக்கல் குறி இல்லை. பாஸ்வேர்டு கேட்கவே இல்லை, பழைய பாஸ்வேர்டிலேயே தானாகப் போய் ஒட்டிக்கொண்டது, ஆகவே அவர் எதையும் மாற்றவில்லை, தட்டிக்கொண்டிருந்தது வேறு எதையோ. கைப்பேசியில் அனுப்பாமல் நின்ற செய்தியை அழித்தாள், மொத்தமாக அழிக்காமல் ஒவ்வொரு எழுத்தாக, மன்னிக்கவும் என்பது கடைசியாகப் போயிற்று.

தோள் ஊசியைச் சரிசெய்துகொண்டு மறுபடி திரையின் மூலையைப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. ஐந்து கோடுகள். ஐந்தும் பளிச்சென்று வெள்ளையாக. இந்தப் பின்னறையில் என்றைக்கும் இரண்டுக்கு மேல் வந்ததில்லை, லோஷினி நாற்காலியைக் கதவுவரை இழுத்துப் போட்டுக்கொண்டு படிப்பாள், 'இந்த ரூமுல ஒரு எழவும் கெடைக்கமாட்டேங்குது' என்று திட்டுவாள். டிவிக்குக் கீழே இருந்தால் இரண்டு, சாப்பாட்டு மேசைக்கு மேலே வந்ததால் ஐந்து. கிளிப் அடித்து, நீளமான வயர் வாங்கி... ஞாயிற்றுக்கிழமை அவள் சமையலறையில் இருந்தாள், மீன் கழுவிக்கொண்டிருந்தாள், அப்போது இந்த அறை வாசலில் கைப்பேசியை நீட்டிப் பிடித்து நின்றுகொண்டு அவர் கேட்டார், "பிரேமா, ஒன் போன்ல இங்க வருதா பாரேன்." அவள் திரும்பாமலே, "எனக்கென்ன தெரியும், நான் அங்க என்ன பண்ணப்போறேன்" என்றாள். அவர் நீட்டிய கையை இறக்கினார். பிறகு மறுபடி போய்த் தட்டில் அதை அப்படித் திருப்பி இப்படித் திருப்பி வைத்தார், அந்தச் சத்தம் கேட்டது, எரிச்சலாக வந்தது. அவர் ஞாயிறு மத்தியானம் பாய் விரித்துப் பந்து விளையாட்டுப் பார்ப்பது இந்த அறையில்தான், அதற்காகவும் இருக்கலாம். அதற்காகத்தான் இருக்கும். தலையணைக்குக் கீழே பார்த்திருக்கவும் கூடும், பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல்... சொல்லாமல் இருப்பது இந்த வீட்டில் ஒருத்திக்கு மட்டுமா தெரியும்?

சாயங்காலம் கேட்டுவிடலாம், யாருக்காக மாற்றினீங்க என்று ஒரே கேள்வி. 'பந்து பாக்கத்தான்' என்றால் எல்லாம் இருந்தபடியே இருக்கும். வேறு ஏதாவது சொல்லிவிட்டால்? உறை உண்மையிலேயே சீட்டுக்கு அடியில் கிடந்தது, நனைந்து கிடந்தது, அதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் தையல் கடைக்கும் பேரங்காடிக்கும் அவர் கையில் அவள் எந்த உறையும் கொடுக்கவில்லை. பத்து ஐம்பத்தெட்டுக்குத் திரையில் அவள் முகம் தெரிந்தது, பின்னால் வெள்ளைச் சுவர், நெற்றியில் வியர்வை. முந்தானையால் ஒற்ற எடுத்த கையில் மோதிர விரல் நகத்துக்குக் கீழே குங்குமம் சிவப்பாக இருந்தது. கழுவ நேரம் இல்லை. மேசைக்குக் கீழே கையை இறக்கி, கட்டை விரலால் முன் விளிம்பைத் தடவிப் பார்த்தாள், சுவிட்ச் இருந்த இடத்தில்தான் இருந்தது, லேசாக இடப்பக்கம் தள்ளினால் போதும், ஐந்து கோடுகளும் போய்விடும். "செலாமட் பாகி, புவான் பிரேமலா, கேக்குதா?" என்று மலாயில் காலை வணக்கம் சொல்லி ஒரு பெண் குரல் கேட்டது. கட்டை விரலை அங்கேயே வைத்துக்கொண்டு, "கேக்குது" என்றாள்.