பக்கவாட்டு முகம்

களிமண் சிலையாக நின்றுகொண்டிருந்த அந்த ஆறடி மனிதர் இந்த ஊரைத் தோற்றுவித்தவர். அவருக்கு ஒரே ஒரு பழைய புகைப்படம்தான் உண்டு. அதுவும் நேராகப் பார்த்தபடி. பக்கவாட்டில் அவர் எப்படி இருந்தார் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. ஆனால் இப்படி இல்லை என்று மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. போன வாரம் வந்த சிலைக் குழுத் தலைவி இரண்டு முறை சுற்றி வந்து, "நேரா பாத்தா அவரேதான். பக்கத்துல இருந்து பாத்தா வேற யாரோ," என்று சொல்லிவிட்டுப் போனார். இன்று பத்து மணிக்குக் குழு மறுபடி வருகிறது. இன்றும் சரியில்லை என்றால் வேலை வேறொருவருக்கு.

சிற்பி இந்த நாட்டுக்கு வந்து இருபத்தாறு வருஷம். வந்த புதிதில் தட்டு கழுவினார், பிறகு கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதினார், அதன்பின் துணிக்கடைப் பொம்மை செய்யும் தொழிற்சாலையில் பத்தொன்பது வருஷம். அந்தப் பொம்மைகளுக்கு முகம் கிடையாது. மழமழவென்று முட்டை போல ஒரு தலை. ஒரு மூக்காவது வைத்துவிடமாட்டோமா என்று கை நமநமவென்று அரித்த காலம் அது. விடுமுறை நாட்களில் ஓவியம் வரைந்தார். நூலக நடைவழியில் இரண்டு கண்காட்சிகள். வந்தவர்களில் பாதிப் பேர் கழிப்பறைக்கு வழி கேட்டவர்கள். தன் பெயர் பொறித்து நடுத்தெருவில் நிற்கப்போகும் முதல் வேலை இதுதான். இதற்காக மனிதர் எதையும் வெட்டத் தயார்; எங்கே வெட்டுவது என்றுதான் பிடிபடவில்லை.

ஒன்பது மணிக்கு மனைவி டீ கொண்டுவந்தாள். கார் கொட்டகையைப் பட்டறையாக்கிய நாளிலிருந்து அவள் உள்ளே வருவதில்லை. மண் வீடெல்லாம் வந்துவிடும் என்று வாசலிலேயே டம்ளரை நீட்டுவாள். இன்று ஏணி வழியை மறித்ததால் பின்கதவு வழியாக, சிலையின் வலப்புறமாக வந்தாள். வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னங்க, இது எங்க அண்ணன்."

"சும்மா இரும்மா, நீ வேற."

"மூக்கைப் பாருங்க. மேல அந்த மேடு. கோவம் வந்தா உதட்டை இப்படித்தான் உள்ள இழுத்துக்குவான்."

அவர் வந்து அவள் பக்கத்தில் நின்று பார்த்தார். ஓவியம் படிக்கிற காலத்தில் மாடலுக்கு ஆள் கிடைக்காமல் நண்பனை ஜன்னலோரம் பக்கவாட்டில் உட்கார வைத்து நூறு தடவையாவது வரைந்திருப்பார். அந்த நண்பன்தான் பிறகு மச்சான் ஆனான். மச்சான் இறந்தபோது இவர்களுக்குக் குடியுரிமைக் காகிதம் வந்திருக்கவில்லை. போனால் திரும்பி வர முடியாது என்றார்கள். அவள் போகவில்லை. "முகத்தைக்கூடப் பாக்கல," என்று ஒரே ஒரு முறை சொன்னாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவரைத் திட்டியிருந்தாலாவது அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"பத்து மணிக்கு வராங்க," என்றார்.

"தெரியும். மாத்திடுங்க." மூக்கு நுனியைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டாள். "ஈரமா இருக்கே, அமுங்கிடும்ல."

அந்த மேட்டைச் சீவ ஐந்து நிமிடம் போதும். கத்தியை எடுத்தார், வைத்தார். சீவுவதற்கு முன் முகத்தைப் பிளாஸ்டரில் அச்செடுத்து அவளுக்காக வைத்துக்கொள்ளலாம்; ஆனால் அச்சைக் கழற்றும்போது ஈர மண் பிய்ந்து அதோடு வந்துவிடும். பக்கமுகத்தோடு நேர்முகமும் போகும். ஒரு மாத உழைப்பு. வருகிறவர்கள் மூஞ்சி இல்லாத ஆளைத்தான் பார்ப்பார்கள். இதற்குப் பொம்மைக் கம்பெனியிலேயே இருந்திருக்கலாம் என்று தன்னையே கேலி செய்துகொண்டார். பிறகு பிளாஸ்டர் மூட்டையைப் பிரித்தார்.

"வாளியில தண்ணி கொண்டா."

"எதுக்குங்க?"

"கொண்டா, சொல்றேன்."

அவர் சிலையின் முகத்தில் பிளாஸ்டரை அள்ளி அள்ளி வீச, அவள் முழங்கை வரை வெள்ளையாக்கிக்கொண்டு கரைத்துக் கொடுத்தாள். நெற்றி மறைந்தது, மூக்கு மறைந்தது. வெளியே கார் கதவுகள் சாத்தப்படும் சத்தம் கேட்டது. அவள் அச்சின் ஒரு கன்னத்தில் உள்ளங்கையை வைத்தாள். பிளாஸ்டர் இறுகும்போது சூடேறும் என்பது அவளுக்குத் தெரியாது.

"சூடா இருக்குங்க," என்றாள்.

கதவைத் தட்டினார்கள். அவர் அந்தப் பக்கம் போகவில்லை. அவளுடைய இன்னொரு கையையும் எடுத்து மறு கன்னத்தில் வைத்தார்.