வீட்டுக்குத் தூரம்

“கடைசியா எப்பம்மா பீரியட்ஸ் வந்துச்சு?” என்று டாக்டரம்மா கேட்டதும் அனுசியாவின் வாயில் சட்டென்று வந்தது, “போன வாரம்” என்பதுதான். மாமியாரிடம் சொல்லிச் சொல்லி அந்தப் பொய் நாக்கில் ஊறிப்போயிருந்தது. டாக்டரம்மா ஸ்கேன் தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகுதான், “அஞ்சு மாசமாச்சு டாக்டர்” என்றாள். இதைச் சொல்ல ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஆள் இல்லாமல், பஸ் ஏறி ராஜபாளையம் வரவேண்டியிருந்தது.

“பிசிஓடி. கருமுட்டைப் பையில நீர்க்கட்டி. நெறையப் பேருக்கு இருக்கும்மா. தெனமும் நடங்க, எடையக் கொறைங்க. குழந்தை நிக்கும், கொஞ்சம் நாளாகும், அவ்வளவுதான். இந்த மாத்திரை அஞ்சு நாள். முடிச்சதும் வந்துரும்.”

என்னத்தைச் சொல்ல, பொய் சொல்லவேண்டும் என்று அவளுக்கு என்ன ஆசையா? கல்யாணமான மறுவருஷம் முதல்தடவை நாள் தள்ளிப்போனபோது மாமியார் வெள்ளத்தாய் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். ஆண்டாளுக்கு நேர்ந்துகொண்டாள், குங்குமப்பூகூட வாங்கி வைத்துவிட்டாள். கர்ப்பம் பார்க்கும் அட்டையில் ஒற்றைக் கோடு விழுந்த அன்று ஒரு வார்த்தை திட்டவில்லை. அடுப்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அதற்குத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. இன்னொரு தடவை அந்த முதுகைப் பார்க்க அனுசியாவுக்குத் தெம்பில்லை. அடுத்த மாதம் அந்தத் தேதி வந்ததும், எதுவும் வராமலே, “அத்தை, நான் வீட்டுக்குத் தூரம்” என்று பின்னறையில் பாயை விரித்துவிட்டாள்.

மாதாமாதம் மூன்று நாள், தனித் தட்டு, தனிப் பாய். வெள்ளத்தாய் வாசலில் தட்டை வைத்துவிட்டுத் தள்ளி நின்று, “உளுந்தங்களி கிண்டியிருக்கேன், சூட்டோட சாப்பிடு. வகுறு வலிக்குதாட்டி?” என்பாள். இல்லாத வலிக்கு இவள் வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். லாரி ஓட்டும் புருஷன் காமராஜ் போனில், “இந்த மாசமும் இல்லையா” என்று கேட்டுவிட்டு லோடு கதைக்குப் போய்விடுவான். கறைபடாத நாப்கினைப் பேப்பரில் சுருட்டும்போதுதான் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வரும். இதை யாரிடம் போய்ச் சொல்லி அழ?

மாத்திரை முடிந்த நாலாம் நாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம், நிஜமாகவே வந்துவிட்டது. இடுப்பு கழன்று விழுவதுபோல் வலி. குளியலறைச் சுவரில் சாய்ந்து நின்று சிரித்தாள். யாரிடமாவது சொல்லவேண்டும்போல் இருந்தது.

“ஏட்டி அனுசியா, வெளக்கேத்த நேரமாச்சு. இங்கன வா.”

சாமி அறைக்குள்ளிருந்து வெள்ளத்தாய் கூப்பிட்டாள். அனுசியா நிலைப்படிக்கு வெளியே வந்து நின்றாள். பேசாமல் உள்ளே போய் ஏற்றிவிட்டால் ஒன்றுமில்லை. கால் எழவில்லை. பொய்க்கெல்லாம் ஒதுங்கி இருந்துவிட்டு, வராதா என்று ஏங்கி வந்ததை மறைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

“நீங்க ஏத்துங்க அத்தை. நான் தூரம்.”

வெள்ளத்தாய் விளக்குப் பக்கம் திரும்பித் தீக்குச்சியை எடுத்தாள். “தலைக்கு ஊத்தி மூணு வாரங்கூட ஆகலையேட்டி?”

“அது பொய் அத்தை. இதுதான் நெசமா வந்திருக்கு. அஞ்சு மாசத்துக்குப் பொறவு.”

வெள்ளத்தாய் திரும்பவில்லை. அவளுடைய இடதுகைப் பெருவிரல் ஆள்காட்டி விரலின் கணுவைத் தொட்டது. பிறகு அடுத்த கணு. ஆடி, ஆனி, வைகாசி என்று உதடு அசைய, விரல் பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. வலதுகையில் உரசாத தீக்குச்சி அப்படியே இருந்தது.