லிப்ராடா கரை சேர்க்காத படகுகள்

கடலுக்குப் போய் மூன்று வருஷமாகத் திரும்பாத ஒனேலியோ, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் கைபாரியன் ஊர்ச் சுருட்டு ஆலைக்குள் சொட்டச் சொட்ட நனைந்து வந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கதை கேட்டான். மேடையில் வாசித்துக்கொண்டிருந்தவள் அவன் மனைவி லிப்ராடா. வாசிப்பின் நடுவே பேசுவது அங்கே பெரிய பாவம் என்பதால் அவனும் பேசவில்லை, யாரும் அவனிடம் எதுவும் கேட்கவுமில்லை.

காலையில் செய்தித்தாள், மத்தியானம் நாவல் என்று இலை சுருட்டுகிறவர்களுக்கு வாசித்துக் காட்டுவதுதான் லிப்ராடாவின் வேலை. அன்றைய காதல் நாவலின் கடைசிப் பக்கங்களைக் கரையான் தின்றிருந்தது. நிறுத்தினால் மானம் போகுமென்று அவளே இட்டுக்கட்டினாள்: காதலன் ஏறிய படகில் எவனோ ஓட்டை போட்டிருக்கிறான், காதலி கரையில் நின்று கதறுகிறாள். அந்த இடத்தில்தான் ஒனேலியோ உள்ளே வந்தான். மணி அடித்ததும் எழுந்து போய்விட்டான்.

அந்த வாரம் முழுக்க வந்தான். சனிக்கிழமை அவள் மனமிரங்கிக் காதலனைக் கரை சேர்த்து, கல்யாணமும் செய்துவைத்தாள். எல்லோரும் இலை வெட்டும் கத்தியால் மேசையைத் தட்டிப் பாராட்டினார்கள். திங்கட்கிழமை கடைசி பெஞ்ச் காலி. லிப்ராடா மேடையிலேயே விக்கி விக்கி அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, வேறொரு காதலனை வேறொரு படகில் ஏற்றி ஆபத்தில் மாட்டிவிட்டாள். பாதிக் கதையில் ஒனேலியோ வந்து தொப்பியைப் பிழிந்தான்.

அவள் எழுத்தாளர் ஆனது இப்படித்தான். ஹவானாவில் அச்சான அவளுடைய காதல் திகில் கதைகள் தீவு முழுக்க விற்றன. ஒன்றிலும் கல்யாணம் கிடையாது. வருஷங்கள் போயின. ஆலையில்தான் பொறுமை போய்விட்டது.

"அடியே, அந்தப் பொண்ணுக்கு எப்பத்தான் கல்யாணம் பண்ணி வைப்பே? நான் பேத்தியே எடுத்துட்டேன்!" என்று தோழி செனைடா பொரிந்தாள்.

"பண்ணி வச்சா இவரு வரமாட்டாருடி."

"பாவம்டி, உதடெல்லாம் நீலம் பாஞ்சு கெடக்கு. இன்னும் எத்தனை நாளைக்கு நனைஞ்சுக்கிட்டே இருப்பான்?"

லிப்ராடாவும் ராத்திரியெல்லாம் அதையே நினைத்துத்தான் புழுங்கிக்கொண்டிருந்தாள்.

ஆலையில் வாசிப்பு விஷயம் எதுவானாலும் ஓட்டுதான். மூத்த சுருட்டுக்காரர் ருபெர்த்தோ கைகளை எண்ணினார். கதையை முடிக்கச் சொன்னவர்கள் பாதி, தொடரச் சொன்னவர்கள் பாதி. அப்போது கடைசி பெஞ்சிலிருந்து, தொடரட்டும் என்று ஒரு ஈரக் கை மெல்ல உயர்ந்தது.

"அவன் நம்ம ஆளு இல்லையே," என்று ருபெர்த்தோ இழுத்தார்.

முடிக்கச் சொல்லிக் கை தூக்கியிருந்த செனைடாவே எழுந்துவிட்டாள். "இத்தனை வருஷமா கூட உக்காந்து கேக்கறான். அவன் கை மட்டும் கை இல்லையா? எண்ணுங்கண்ணே!"

எண்ணினார்கள். லிப்ராடா கண்ணைத் துடைத்துக்கொண்டு, காதலனின் படகில் மறுபடியும் தண்ணீர் புகவைத்தாள்.