உப்புத் தண்ணீரில் வந்த முள்

முள் எங்கே போயிற்று, போகிற முள்ளா அது, எழுபத்து மூன்றாம் வருஷத்திலிருந்து ஓய்வு பெறும்வரை வகுப்பில் அந்த முள்ளைக் காட்டித்தானே இது தனி இனம் என்று... செங்கோட்டையன் கண்ணாடிக் குடுவையைச் சன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார், உள்ளே காரா சாதுவாக, கணுவுக்குக் கணு வட்டமாகக் கிளை விட்டு நின்றது, பார்ப்பவன் செடி என்று சத்தியமே செய்வான், உண்மையில் வேருமில்லை இலையுமில்லை, வெறும் பாசி, பச்சைப்பாசிகளில் செடி வேஷம் கட்டத் தெரிந்த குடும்பம். லென்ஸ் வைத்தும் பார்த்தாயிற்று, தண்டு மொழுமொழுவென்றுதான் இருந்தது. எதிரே நாற்காலி நுனியில் நஸ்ரியா, அவருடைய பழைய கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிற பெண், டீயைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். "கிணத்துக்கடவு கல்லுக்குழியில நீங்க எடுத்த எடத்துலயேதானுங்க சார் எடுத்தேன். அங்க உப்புத்தண்ணிங்க. லேபுல சிறுவாணி நல்லதண்ணியில வளத்துனேன், அடுத்த தலைமுறையிலயே முள்ளு போயிருச்சுங்க. இது தனி இனம் இல்லீங்க சார், சாதாரணக் காராதானுங்க." பிறகு குரலை இறக்கி, "கட்டுரையில அந்தப் பேரை எடுத்துப்போடலாமுங்களா?"

அந்தப் பேர்... காரா ராமாமணியே. லத்தீனில் ராமாமணியினுடையது என்று அர்த்தம், தமிழ்க் காதுக்கோ யாரோ அவளைக் கூவி அழைப்பது போலிருக்கும், வருஷா வருஷம் பின்வரிசைப் பையன்கள் சிரிப்பார்கள், அவரும் அதட்டுகிற மாதிரி அதட்டிவிட்டு இன்னொரு தரம் சொல்வார். வீட்டில் ஒருநாளும் பெண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அம்மணியோடு சரி. அவள் செத்து இன்னும் வருஷம் திரும்பவில்லை, இதையும் அழித்துவிட்டால் அந்தப் பேரை வாய்விட்டுச் சொல்ல இனி எந்த இடம் இருக்கிறது? வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் இந்தப் பெண் எழுதமாட்டாள், மரியாதை தெரிந்தவள்... ஆனால் பொய்யென்று தெரிந்த பிறகு அதைக் கட்டிக்கொண்டு அழுவதா, அதுவும் அவள் பேரில்? எதற்கு வைத்தார் அந்தப் பேரை, ஆசையில்தான், கூடவே கொஞ்சம் குசும்பும், இம்புட்டு முள்ளா, எங்கூட்டுக்காரி நாக்காட்டமே இருக்குது என்று சக வாத்தியார்களிடம் சொல்ல, சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. அது அவள் காதுக்கும் போயிருக்க வேண்டும். "எம்பேரு வெக்கறதுக்கு உங்களுக்குப் பாசிதான் கெடச்சுதுங்களா?" என்று சுருக்கென்று கேட்டாள். சோறு போட்டால் ஒரு சுருக்கு, செருப்பைத் தாறுமாறாக விட்டால் ஒரு சுருக்கு, பிறவிக்குணம் பொங்கல் வைத்தாலும் போகாது என்று அவரும் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார், அப்படியே முப்பது வருஷம் ஓடிவிட்டது.

"எடுத்துப்போடு கண்ணு. தப்பு தப்புத்தான்." சொல்லிவிட்டார், ராமாமணி இரண்டாம் தரம் செத்துப்போனாள் என்று பட்டது, நஸ்ரியாவுக்கும் கண் கலங்கிவிட்டது. சமாதானம் சொல்கிறாளாம், "உங்க தப்பு இல்லீங்க சார். அந்த முள்ளு அதோட குணமில்லீங்க, தண்ணியோட குணமுங்க." தண்ணியோட குணம்... தண்ணியோட... சத்தியமங்கலத்தில் ராமாமணியின் அக்கா வீட்டுக்கு ஒருமுறை சொல்லாமல் கொள்ளாமல் அவளைக் கூட்டிவரப் போனாரே, வாசல் கேட்டருகே வந்தபோது உள்ளே ஒரு பெண்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள், கேட்கிறவனுக்கும் சிரிப்பு வரும் அப்படியொரு சிரிப்பு, யாருடா இது என்று அவர்கூட வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டைத் தள்ளினார். சிரிப்பு நின்றது. ராமாமணிதான் முந்தானையைச் சரிசெய்தபடி வந்தாள், "வந்துட்டீங்களா?" என்றாள் அதே சுருக்கோடு, அக்கா தோட்டத்துக்குப் போயிருந்தாள், வீட்டில் அக்காளுடைய பொடிசுகளைத் தவிர வேறு யாருமே இல்லை... டீ ஆறுதுங்க சார் என்று நஸ்ரியா சொன்னது எங்கோ கேட்டது, ஒரு நூலளவு வித்தியாசத்தை வைத்து இனம் பிரிக்கத் தெரிந்த மனுஷனுக்கு, அந்தச் சிரிப்பு யாருடையது என்று அன்றைக்குத் தெரியவில்லையே.