பேர் தின்ன சிறுத்தை

தக்காளி கிலோ எட்டு ரூவாய்க்கு எறங்கின வாரம், பாலக்கோட்டுல கதைக்காரர் வூட்டு கேட்டு முன்னாடி ஒரு சிறுத்தை வந்து படுத்துச்சு. காட்டுச் சிறுத்தை இல்ல, காமிக்ஸ் சிறுத்தை. அதோட மஞ்சக் கலரு உடம்புக் கோட்ட வுட்டு ரெண்டு வெரல் தள்ளி நின்னுச்சு. அந்தக் காலத்து அச்சுல கலரு அப்பிடித்தான் வெலகி வுழும். அதனால பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு, இது 'வத்தல்மலை மர்மம்' புக்குல வர்ற சிறுத்தைன்னு. வனத்துறைக்காரங்க கூண்டு வெச்சு ஆடு கட்டினாங்க. அது ஆட்டத் திரும்பிக்கூட பாக்கல.

கதைக்காரர்னுதான் எழுத வேண்டியிருக்கு, அவரு பேரு இப்ப யாருக்கும் வரமாட்டேங்குது. நாப்பது வருசத்துக்கு முன்னாடி அந்தக் காமிக்ஸுக்குக் கதை எழுதினது இவரு. படம் அத்தனையும் போட்டது தர்மபுரி அஸ்கரி பேகம். புருசன் மஸ்தான் மெத்தைக் கடைக்குப் போனதும் அடுப்ப அணைச்சுட்டு யானை, மூங்கிலு, அருவின்னு வரைஞ்சு குடுப்பாங்க. ஒவ்வொரு புக்கு வரும்போதும், "என் பேரு எங்கண்ணா?"ன்னு கேப்பாங்க. "பொம்பள பேரு போட்டா பசங்க வாங்க மாட்டாங்கம்மா. அடுத்த புக்குல பாத்துக்கலாம்"பாரு. அடுத்த புக்கும் வந்துச்சு, அதுக்கடுத்ததும் வந்துச்சு. பேரு வரல.

இப்ப அந்தக் காமிக்ஸ கெட்டி அட்டை போட்டு மறுபடி அச்சடிச்சாங்க. விழா மேடையில, "கதை, படம் ரெண்டும் நானேதானுங்க"ன்னு மைக்குல சொன்னாரு. அஸ்கரி பேகத்தோட மருமக ஆஷிகா அத மாமியாருக்குப் போன்ல காட்டினா. அஸ்கரி பேகம் அழுவல. பழைய புக்குல சிறுத்தைப் பக்கத்த விரிச்சு வெச்சு, "இத்தினி வருசமா பட்டினி கெடக்கற. போ, அந்தாளு பேரத் தின்னு"ன்னாங்க. அப்பலருந்து எல்லா புக்குலயும் அந்தப் பக்கத்துல வெறும் மூங்கிலுதான் இருக்குது.

சிறுத்தை மொதல்ல கேட்டுல இருந்த பேர்ப்பலகைய நக்குச்சு. அப்பறம் ஆதார், கரண்டு பில்லு, புக்கு அட்டை. நக்கின எடம் வெள்ளையாப் போச்சு. கடைசில ஜனங்க வாயிலருந்தும் அந்தப் பேரு போச்சு. டீக்கடையில கூப்பிட வாயத் தொறந்தா காத்துதான் வரும். சம்சாரம் சுகுணாவுக்கு மட்டும் மொதல்ல வித்தியாசமே தெரியல. கல்யாணம் ஆனதுலருந்து "ஏங்க"தானே. கோயில்ல அர்ச்சனைக்கு ஐயரு, "பேரு சொல்லுங்கம்மா"ன்னு கேட்டப்பதான் அந்தம்மாவுக்கும் காத்து வந்துச்சு. பேரில்லாம அர்ச்சனை எப்பிடிப் பண்றதுன்னு தட்டத் திருப்பிக் குடுத்துட்டாரு.

சுகுணா பஸ் ஏறி அஸ்கரி பேகம் வூட்டுக்கே போயிட்டாங்க. "அக்கா, மனசு எறங்குங்க. ராத்திரியெல்லாம் தன் பேரு என்னன்னு என்னையே கேக்கறாருங்க. நாளைக்கு ஒண்ணுன்னா எந்தப் பேரச் சொல்லி அழுவேன்?"

"டீ ஆறுது, குடி சுகுணா."

"உங்க பேர பெரிசா போட்டுடச் சொல்றேங்க."

"அவரு எதுக்குப் போடணும்? கடையில கேட்டுப் பாரு, அட்டையில அவரு பேரு போனதுலருந்து அஸ்கரி பேகம் புக்குன்னாதான் எடுத்துக் குடுக்கறான்."

"அப்ப அவரு பேரு?"

அஸ்கரி பேகம் டம்ளர எடுத்துக் கழுவி கவுத்துட்டு வந்தாங்க. "அடுத்த புக்குல பாத்துக்கலாம்னு சொல்லு."

சிறுத்தை இன்னும் அங்கதான் படுத்திருக்குது. பால்காரரு வால மிதிக்காம தாண்டிப் போறாரு. வெலகி நிக்கற மஞ்சக் கலரு வேட்டியில பட்டா மட்டும் தொவைச்சாலும் போவறதில்ல. கரண்டு பில்லு 'சிறுத்தை வூடு, பாலக்கோடு'ன்னு வருது. சரியா வந்து சேந்துடுது.